பில்லைப் பிரித்துப் படித்த வகுப்பு: ஒரு கிளவுட் அறிமுகப் பாடத்தின் நிகழ்வு ஆய்வு

பல்லடம் பக்கம் ஒரு தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரி. அங்கே பி.சி.ஏ. மூன்றாம் ஆண்டில் கிளவுட் கம்ப்யூட்டிங் அறிமுகம் ஒரு விருப்பப் பாடம். வேறு எங்கோ இருக்கும் கணினிகளை இணையம் வழியே வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துவதுதான் கிளவுட். வகுப்பில் அத்தனை பேரும் தேர்ச்சி. செய்முறைத் தேர்வும் சிக்கல் இல்லாமல் முடிந்தது. பருவம் முடிந்து விடுமுறை விட்ட பிறகு, ஒரு மாணவரின் தந்தைக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. இருபத்து மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கான பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டதாம். அவர் வாங்காத பொருள், கேள்விப்படாத நிறுவனம்.

அந்த மாணவர் இருந்த குழுதான் அந்தப் பருவத்தின் சிறந்த செயல்திட்டம் என்று பாராட்டு வாங்கியது. நன்றாகப் படித்தவர்களிடமிருந்து இப்படி ஒரு பில் எப்படி வந்தது என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது. நான் அந்தக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறை உறுப்பினர். பிழைப்பு கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில். பாடம் நடத்திய ஆசிரியை கேட்டுக்கொண்டதால், பில்லையும் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கல்லூரி, மாணவர், கிளவுட் நிறுவனம் யாருடைய பெயரும் இதில் வராது. பெயர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பெரிய கிளவுட் நிறுவனங்கள் எதில் கணக்குத் திறந்திருந்தாலும் ஏறக்குறைய இதே கதைதான் நடந்திருக்கும்.

பாடம் இருந்த விதம்

ஐந்து அலகுகள். முதல் அலகு வரலாறு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யின் நூற்றாண்டு விழாவில் 1961-ல் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி, கணினி ஆற்றலும் ஒருநாள் தொலைபேசிபோல் பொதுச் சேவையாக விற்கப்படலாம் என்று பேசியதில் தொடங்கும். 2006 மார்ச்சில் அமேசான் எஸ்3, ஆகஸ்டில் இ.சி.2, 2008-ல் கூகுள் ஆப் என்ஜின், 2010-ல் மைக்ரோசாப்ட் அஸூர் என்று கிளவுட் சேவைகள் வந்த வரிசையில் போகும். அப்புறம் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறை. ஐந்து இயல்புகள், மூன்று சேவை வகைகள், நான்கு நிறுவும் முறைகள். இந்த ஐந்து, மூன்று, நான்கு என்ற கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாணவர்கள் சொல்வார்கள்.

இரண்டாவது அலகு விர்ச்சுவலைசேஷன், அதாவது ஒரே கணினிக்குள் மென்பொருளால் பல கணினிகளை உருவாக்குவது. அப்படி உருவாகும் கணினிதான் வி.எம். அதை உருவாக்கும் ஹைப்பர்வைசர் எத்தனை வகை, ஒவ்வொன்றுக்கும் படம், வேறுபாடுகளின் அட்டவணை. நான்காவது அலகில் சொந்தமாகக் கிளவுட் அமைக்க உதவும் யூகலிப்டஸ், ஓப்பன்ஸ்டாக் போன்ற மென்பொருள்கள். யூகலிப்டஸை 2014-லேயே எச்.பி. வாங்கிவிட்டது. இன்றைக்கு ஒரு வேலை விளம்பரத்திலும் அந்தப் பெயரை நான் பார்ப்பதில்லை. ஆனால் பாடநூல்கள் அதை விடுவதாக இல்லை. கேள்வித்தாளில் பழைய கேள்வி இருக்கும்வரை பாடநூலில் அந்த அத்தியாயம் இருக்கும், அத்தியாயம் இருக்கும்வரை கேள்வி வரும். எந்தப் பாடத்துக்கும் இதே கதிதான், கிளவுட் மட்டும் விதிவிலக்கா என்ன.

நிஸ்ட் சொல்லும் ஐந்து இயல்புகளில் கடைசியாக வருவது, சேவையை அளந்து கணக்கிடுவது. யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று மீட்டர் ஓடும், அதன்படி கணக்கு வரும். வகுப்புக் குறிப்பில் இதற்கு ஒரே வரி: ‘பயன்படுத்திய அளவுக்கு மட்டும் கட்டணம்.’ பத்து மதிப்பெண் கேள்விக்கு அந்த ஒரு வரி தாராளம். வந்த பில்லுக்குக் காரணத்தைத் தேடினால் அந்த வரியில்தான் போய் நிற்கிறது.

நடந்தது

நான்கு பேர் கொண்ட குழு. ஒரு மாணவியின் அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். பீஸ் ரேட் கூலி, சனிக்கிழமை சம்பளம். வாரம் முழுக்க எத்தனை பீஸ் என்பது நோட்டில் இருக்கும், சனிக்கிழமை சாயங்காலம் கணக்குப் போடும்போது தகராறு வரும். அதைச் செல்போனிலேயே பதிந்து, சனிக்கிழமை கூலியைக் காட்டும் ஒரு செயலியைச் செய்தார்கள். நல்ல யோசனை. வெளியூர்ப் பாடநூலில் வரும் ஆன்லைன் கடை உதாரணத்தைவிட எனக்கு இது பிடித்தது. நெரிசல் எப்போது வரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வேலை இது.

கணக்குத் திறக்க கார்டு வேண்டும். மாணவர்கள் யாரிடமும் அது இல்லை. ஒரு மாணவரின் தந்தை சோமனூர்ப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுபவர். அவருடைய டெபிட் கார்டைக் கேட்டு வாங்கினார்கள். ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் கொண்டுவந்த விதிப்படி, புதிதாகக் கொடுக்கப்படும் கார்டுகளில் ஆன்லைன் பயன்பாடும் வெளிநாட்டுப் பயன்பாடும் மூடியே இருக்கும். கார்டுக்காரரே திறந்துகொள்ள வேண்டும். மகன் அப்பாவின் போனில் வங்கிச் செயலியில் போய் இரண்டையும் திறந்துவிட்டார். சரிபார்ப்புக்கு இரண்டு ரூபாய் போனது, கணக்குத் திறந்தது.

பிறகு யூடியூபில் ஒரு செய்முறை வீடியோவைப் பார்த்து, அதில் இருப்பதை அப்படியே செய்தார்கள். ஒரு வி.எம்., ஒரு தரவுத்தளம், முன்னால், வருபவர்களைச் சர்வர்களுக்குப் பங்கிட்டு அனுப்பும் ஒரு லோட் பேலன்ஸர். வீடியோவில் பேசியவர் அமெரிக்காவின் விர்ஜீனியா மண்டலத்தில், அதாவது அங்கே இருக்கும் தரவு மையங்களில், வேலை செய்தார். இவர்களும் மண்டலத்தை அதற்கே மாற்றிக்கொண்டார்கள். செயல்விளக்கம் பிரமாதமாக நடந்தது. அன்று மாலையே வி.எம்.மை நீக்கினார்கள். தரவுத்தளத்தில் ஸ்டாப் பொத்தானை அழுத்தினார்கள். தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டார்கள்.

குறுஞ்செய்தியைப் பார்த்த தந்தை முதலில் வங்கிக் கிளைக்குப் போய் கார்டை முடக்கினார். அடுத்ததாக மகனைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்கு வந்தார். “ஏனுங்க மேடம், படிக்கறதுக்குன்னுதானுங்க பையன் கார்டு கேட்டான். இது ஏதாச்சும் ஃப்ராடுங்களா?” என்று கேட்டார். மகன் பக்கத்திலிருந்து, “எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டனுங்க மேடம். போன்லகூடப் பார்த்தனுங்க, ஒண்ணுமே ஓடலைங்க” என்றார். இரண்டுமே உண்மை. அவர் ஆஃப் செய்தது உண்மை, போனில் பார்த்தபோது எதுவும் தெரியாததும் உண்மை.

பணம் போகவில்லை என்பது மட்டும் ஆறுதல். தொடர் கட்டணங்களுக்கு 2021 அக்டோபர் முதல் வாடிக்கையாளர் முன்கூட்டியே பதிந்த ஒப்புதல் வேண்டும். 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு தடவையும் தனியாக உறுதிசெய்ய வேண்டும். அந்த விதிதான் இங்கே தடுத்தது. ஆனால் வங்கி மறுத்ததால் பாக்கி தீராது. மாணவரின் மின்னஞ்சலில் பில் உட்கார்ந்திருந்தது. அவர் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பவர் அல்ல. அந்த வகுப்பில் யாரும் அப்படி இல்லை. அவர்களுக்கு எல்லாம் வாட்ஸ்அப்தான்.

பில், வரிவரியாக

ஆசிரியையின் மேசையில் அந்த பில்லை அச்செடுத்து வைத்து ஒவ்வொரு வரியாக அடிக்கோடிட்டோம். நான் பல நிறுவனங்களின் பில்லைப் பார்த்தவன். ஒரு அறிமுகப் பாடத்துக்கு இவ்வளவு பொருத்தமான பில்லைப் பார்த்ததில்லை.

வி.எம். ஓடிய நேரத்துக்கான கட்டணம் பூஜ்யம். புதுக் கணக்குக்கான இலவச அளவுக்குள் அடங்கிவிட்டது. அதாவது ஒரு முழு அலகு ஒதுக்கிப் படம் வரைந்து படித்த விஷயத்துக்குக் காசே ஆகவில்லை.

தொகையில் பெரும்பங்கு தரவுத்தளம். உருவாக்கும் பக்கத்தில் தேர்ந்தெடுக்க மூன்று தயார் அமைப்புகள் இருந்தன: நிஜப் பயன்பாட்டுக்கு, சோதனைக்கு, இலவச அளவுக்கு. வீடியோவில் பேசியவர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார், இவர்களும் அதையே தொட்டார்கள். அதைத் தொட்டதும் பெரிய அளவு சர்வர், வேகமான டிஸ்க், இன்னொரு கட்டடத்தில் தயாராக நிற்கும் நகல் சர்வர் எல்லாம் தாமாகவே சேர்ந்துகொண்டன. ஒரு தரவுத்தளம் என்று நினைத்தது நிஜத்தில் இரண்டு.

சரி, அதைத்தான் நிறுத்திவிட்டார்களே? இங்கேதான் எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. அந்த நிறுவனத்தின் ஆவணத்தில் ஒரு வரி இருக்கிறது. நிறுத்திவைத்த தரவுத்தளம் ஏழு நாள் கழிந்தால் தானாக எழுந்துகொள்ளும். பாதுகாப்பு மேம்படுத்தல்கள் தவறிவிடக் கூடாதாம். காரணம் நியாயமானதே. எட்டாம் நாள் அது எழுந்தபோது மாணவர்கள் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுந்தது விடுமுறை வரை ஓடியது.

அடுத்து லோட் பேலன்ஸர். பின்னால் வி.எம். இல்லை, முன்னால் ஒரு ஆளும் வரவில்லை. ஆனாலும் மணிக்கு இரண்டு ரூபாயை ஒட்டி ஓடிக்கொண்டே இருந்தது. அதன் பொது ஐ.பி. முகவரிகளுக்கு, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்களுக்கு, தனிக் கட்டணம், முகவரி ஒன்றுக்கு மணிக்கு அரை சென்ட். முகவரிக்கு எதற்குக் காசு என்று மாணவர் கேட்டார். ஐ.பி. நான்காம் பதிப்பில் மொத்தமே 430 கோடிக்குச் சற்றுக் குறைவான முகவரிகள்தாம் உண்டு, மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது, தட்டுப்பாடான பொருளுக்கு வாடகை கேட்கிறார்கள் என்று ஆசிரியை சொன்னார். நெட்வொர்க் பாடத்தில் அந்த 32 பிட் முகவரியை மாணவர் படித்திருக்கிறார். அதற்கு விலை இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

வி.எம்.மை நீக்கியபோது அதனுடன் போகாமல் தங்கிவிட்ட கூடுதல் டிஸ்க் ஒன்று இருந்தது. தொகை சின்னது. ஆனால் நிறுத்துவது, நீக்குவது, ஒட்டியிருந்ததைச் சேர்த்து நீக்குவது மூன்றும் வேறு வேறு என்று காட்ட அதைவிட நல்ல சான்று கிடைக்காது. வெளியே போன தரவுக்கான கட்டணம் பூஜ்யம். கடைசியில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

தந்தை இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: “அப்போ ஃப்ரீ யூனிட்டு தாண்டிருச்சுங்களா?” விசைத்தறிக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசமாக இருந்தது, 2023-ல் 1000 ஆக்கினார்கள். எந்த மாதம் தாண்டும், தாண்டினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். இலவசம் என்றால் அளவுள்ள இலவசம் என்று வகுப்பில் இல்லாத அவருக்குத்தான் உடனே பிடிபட்டது.

அவருடைய இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மை: “நிறுத்துன மோட்டாருக்கு எப்படிங்க யூனிட்டு ஓடும்?” மூன்றாவது: “சரிங்க, அது எந்த ஊர்லதாங்க ஓடுது?” மின்சாரத்தோடு வைக்கும் ஒப்பீடு உடைகிற இடமும் அதுதான். தறி ஓடினால் தெருமுனைக்கே சத்தம் கேட்கும். விர்ஜீனியாவில் ஓடும் தரவுத்தளத்துக்குச் சத்தம் இல்லை. மகன் போனில் பார்த்தபோது திரையில் தெரிந்தது மும்பை மண்டலம். மேலே மூலையில் இருக்கும் மண்டலப் பெயரை மாற்றாதவரை மற்ற மண்டலங்களில் இருப்பது அந்தப் பக்கத்தில் தெரியாது. காலியான பக்கத்தைப் பார்த்து ஒன்றும் ஓடவில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

நிறுவனத்துக்கு ஆசிரியை துணையோடு மாணவர் எழுதினார். எல்லாவற்றையும் நீக்கிக் காட்டிய பிறகு தொகையைத் தள்ளுபடி செய்தார்கள். முதல் தடவை, மாணவர் என்றால் பெரிய நிறுவனங்கள் இப்படி விட்டுக்கொடுப்பதுண்டு. ஆனால் அது சலுகைதான், யாருடைய உரிமையும் அல்ல. அதை நம்பிப் பாடம் நடத்த முடியாது.

என் கணிப்பு

மாணவர்களின் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிட எளிது. துறையில் சிலர் அப்படித்தான் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் படித்ததைச் சரியாகவே செய்தார்கள். வி.எம்.தான் கிளவுட் என்று பாடம் சொல்லிக்கொடுத்தது, அதை ஒழுங்காக நீக்கினார்கள். மீட்டர் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று பாடம் சொல்லவில்லை.

நிஸ்ட் வரையறையின் ஐந்து இயல்புகளையும் சமமான ஐந்து தலைப்புகளாக நடத்துவதுதான் கோளாறின் வேர் என்பது என் கருத்து. அளந்து கணக்கிடுவது மற்ற நான்கையும் தாங்கி நிற்கிறது. யாரையும் கேட்காமல் மாணவரே ஒரு சர்வரை எடுத்துக்கொள்ள முடிவது, எடுத்ததற்கு மீட்டர் ஓடுவதால்தான். பலருக்கும் பொதுவான இயந்திரங்களைப் பங்கிட முடிவது, யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடிவதால்தான். தேவைக்கு விரிந்து சுருங்குவதில் லாபம் இருப்பதும், சுருங்கிய நேரத்துக்குக் காசு குறைவதால்தான். மீட்டரை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கல்லூரியின் பழைய சர்வர் அறை மாதிரி ஒன்று. ஆகவே பாடம் பில்லிலிருந்து தொடங்கட்டும், ஒவ்வொரு வரியும் ஒரு அலகைத் திறக்கட்டும் என்று பாடத்திட்டக் குழுவுக்கு எழுதினேன்.

மாற்றி நடத்தியது

அடுத்த பருவத்தில் ஆசிரியை முதல் வகுப்புக்கு அந்த பில்லோடுதான் போனார். பெயர்களை அடித்துவிட்ட நகல், ஆளுக்கு ஒன்று. எந்த வரி எதற்காக என்று ஊகிக்கச் சொன்னார். அதே வாரம் மாணவர்கள், தரவு போய்வரும் நேரத்தை அளக்க, விர்ஜீனியாவுக்கும் மும்பைக்கும் பிங் அனுப்பிப் பார்த்தார்கள். கோவையிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1000 கிலோமீட்டர், விர்ஜீனியா சுமார் 14,000. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர மும்பைக்குக் குறைந்தது 10 மில்லிநொடி, விர்ஜீனியாவுக்கு 140. எந்த நிறுவனமும் எவ்வளவு காசு கொடுத்தாலும் இதற்குக் கீழே இறக்க முடியாது. நிஜத்தில் இன்னும் கூடுதலாகவே வரும், கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. எந்த ஊரில் ஓடுகிறது என்ற தந்தையின் கேள்விக்கு மாணவர்கள் திரையிலேயே விடை பார்த்தார்கள்.

அதே கேள்வியிலிருந்துதான் ஒரு மண்டலத்துக்குள் ஏன் பல கட்டடங்கள் என்ற பகுதியும் தொடங்கியது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்தே போனது. வேறு இடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் தரவை இழந்தார்கள். பில்லில் இரட்டையாக வந்த தரவுத்தளம் எதற்காக என்பது அந்தச் செய்தியைப் படித்த பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரட்டை நகல் வீண்செலவு என்று ஒரு மாணவர் முதல் வகுப்பில் சொல்லியிருந்தார். சம்பளக் கணக்கென்றால் வேண்டும், செயல்விளக்கத்துக்கென்றால் வேண்டாம் என்று இப்போது திருத்திக்கொண்டார்.

விர்ச்சுவலைசேஷனை விடவில்லை. அதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் ஒரு வேடிக்கை. லினக்ஸ் கெர்னலிலேயே 2007 முதல் கே.வி.எம். என்ற ஹைப்பர்வைசர் இருக்கிறது, கட்டணம் இல்லை. ஆனால் ஆய்வகக் கணினிகளில் வி.எம். எழ மறுத்தது. இன்டெல் செயலிகளில் 2005-லிருந்து இதற்கென்று இருக்கும் வசதி, கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் மூடிக் கிடந்தது. பயாஸ் கடவுச்சொல் ஆய்வக உதவியாளரிடம், அவர் அன்றைக்கு விடுப்பு. மறுநாள் ஒவ்வொரு கணினியாகப் போய்த் திறந்துவிட்டார்கள். வன்பொருள் துணையுள்ள விர்ச்சுவலைசேஷன் என்று படம் வரைந்து மதிப்பெண் வாங்கிய முந்தைய அணிகள் அதே கணினிகளில்தான் உட்கார்ந்திருந்தன.

செயலிகளைப் பொட்டலமாகக் கட்டி ஓட்டும் டாக்கர் என்ற கருவியின் வகுப்பில் இன்னொரு தடங்கல். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இமேஜை, அதாவது அப்படிக் கட்டிய பொட்டலத்தை, இறக்கத் தொடங்கியதும், பாதி வகுப்புக்குக் கிடைத்தது, மீதிக்கு மறுப்புச் செய்தி. இமேஜ்கள் கிடைக்கும் பொதுக் களஞ்சியமான டாக்கர் ஹப் 2020 நவம்பரில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. உள்நுழையாமல் இறக்குபவர்களுக்கு ஒரு ஐ.பி. முகவரிக்கு ஆறு மணி நேரத்தில் 100 தடவை. கல்லூரி முழுவதும் வெளியுலகுக்கு ஒரே முகவரி. வேறு ஆய்வகத்தில் முதுநிலை மாணவர்களும் அதே வேலையில் இருந்திருக்கிறார்கள். ஒரு கணினியில் நகல் களஞ்சியம் வைத்து அதிலிருந்து எல்லோருக்கும் பரிமாறியபோது சரியானது. இமேஜ் களஞ்சியம், இடைநகல், பங்கிட்டுக்கொள்ளும் முகவரி மூன்றும் அந்த ஒரு மதியத்தில் முடிந்துவிட்டன. பாடத்திட்டத்தில் எழுதி வைத்தால் இவ்வளவு அழகாக வராது.

கிளவுட் கணக்கு விஷயத்தில், மாணவர்கள் வீட்டுக் கார்டைத் தொடவே கூடாது என்பது முதல் விதி. கல்லூரியின் பெயரில் ஒரே தாய்க் கணக்கு, அதற்குள் குழுவுக்கு ஒரு பயனர். மும்பையைத் தவிர வேறு மண்டலத்தில் எதுவும் உருவாக்க முடியாதபடி அனுமதியைச் சுருக்கினார்கள். பெரிய அளவு சர்வர்களும் மூடப்பட்டன. எதை உருவாக்கினாலும் குழு எண் ஒட்ட வேண்டும், ஒட்டாதது இரவில் தானியங்கியாக நீக்கப்படும். செலவு எச்சரிக்கையும் வைத்தார்கள். ஆனால் ஒன்றை அடிக்கோடிட்டுச் சொன்னார்கள்: எச்சரிக்கை என்பது தகவல் மட்டும், அது எதையும் நிறுத்தாது. பயன்பாட்டுக் கணக்கு பில்லுக்கு வந்து சேரவே சில மணி நேரம் ஆகும். எச்சரிக்கை வரும்போது செலவு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

தேர்விலும் ஒரு கணக்கு வந்தது. பனியன் கம்பெனிச் செயலிதான். பெரிய சர்வர் மணிக்கு 4 ரூபாய், சின்னது 1 ரூபாய், மாதத்துக்கு 730 மணி நேரம் என்று கொடுத்தார்கள். பெரியதை மாதம் முழுக்க ஓடவிட்டால் 2920 ரூபாய். சின்னதை எப்போதும் ஓடவிட்டு, மாதத்தின் நான்கு சனிக்கிழமைகளில் மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை மட்டும் பெரியதைச் சேர்த்தால் 730-உடன் 128, ஆக 858 ரூபாய். இதோடு நிற்காமல், டிஸ்க்குக்கும் முகவரிக்கும் ஏன் இரண்டு முறையிலும் ஒரே கட்டணம் வருகிறது என்று காரணம் கேட்டார்கள். விரிந்து சுருங்கும் தன்மையை விளக்குக என்ற பழைய கேள்விக்கு வந்த விடைத்தாள்களையும் இதற்கு வந்ததையும் ஆசிரியை எனக்குக் காட்டினார். பழையதில் எல்லா விடையும் ஒரே மாதிரி. புதியதில் தப்பான விடைகள்கூட ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் தப்பு. ஆசிரியருக்கு அதில்தான் வேலை இருக்கிறது.

ஒரு மாணவி விடையின் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: பத்து மெஷின் உள்ள கம்பெனிக்கு ஆபீஸில் இருக்கும் பழைய கணினியே போதும், தினமும் ஒரு நகல் மட்டும் வெளியே எடுத்து வைத்தால் சரி. அதற்கு மதிப்பெண் உண்டா என்று மதிப்பீட்டுக் கூட்டத்தில் விவாதம். நான் முழு மதிப்பெண் என்றேன். கிளவுட் வேண்டாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லத் தெரிந்தவர்தான் இந்தப் பாடத்தைப் படித்தவர். விடைக்குறிப்பில் அது இல்லை என்பதால் பாதி கொடுத்தார்கள்.

குழுவில் வந்த மறுப்பு

பாடத்திட்டக் குழுவில் மூத்த பேராசிரியர் ஒருவர் இந்த மாற்றத்தை எதிர்த்தார். நாம் பயிற்சி மையம் நடத்தவில்லை, விலைப்பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும், கோட்பாடு மாறாது, பில்லை வைத்துப் பாடம் நடத்தினால் நான்கு வருடத்தில் பாடம் செத்துவிடும் என்றார். இதை எளிதில் ஒதுக்க முடியாது. இலவச அளவு விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, அடிக்கடி மாறவும் செய்கின்றன. ஏழு நாளில் தரவுத்தளம் எழும் என்பது நாளை முப்பது நாளாகலாம்.

என் பதில் இதுதான். விலை மாறும், விலை கேட்கும் இடங்கள் மாறுவதில்லை. கணினி ஓடும் நேரம், தங்கும் தரவு, நகரும் தரவு, முகவரி, நகல் என்ற இந்த வரிகள் எந்த நிறுவனத்தின் பில்லிலும் வேறு பெயரில் இருக்கும். யூகலிப்டஸ் அத்தியாயம்தான் ஏற்கெனவே செத்தது, அதை யாரும் எடுத்து அடக்கம் செய்யவில்லை. கடைசியில் சமரசம். விர்ச்சுவலைசேஷன் அலகு சுருங்கியது, யூகலிப்டஸ் போனது, ஓப்பன்ஸ்டாக் அறிமுக அளவில் தங்கியது, பில் கணக்கு செய்முறைத் தேர்வில் கட்டாயமானது. நிஸ்ட் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. அதைத் தொட்டால் தேர்ச்சி குறையும் என்று எல்லோருக்கும் பயம்.

இன்னும் முடியாதவை

மாணவர்களுக்குக் கார்டு இல்லாமலே கிளவுட்டில் செலவழிக்க இலவசத் தொகை கொடுக்கும் திட்டங்கள் இருக்கின்றன. அஸூரின் மாணவர் திட்டம் 100 டாலர் அளவுக்குத் தருகிறது, கார்டு கேட்பதில்லை. ஆனால் கல்லூரி பெயரிலான மின்னஞ்சல் முகவரி வேண்டும். இந்தக் கல்லூரியில் ஆசிரியர்களுக்கு மட்டும்தான் அது உண்டு, மாணவர்கள் எல்லோரும் ஜிமெயில். முகவரி கொடுப்பது ஒரு நாள் வேலை. வெளியேறிய மாணவர்களின் முகவரியை யார் மூடுவது என்ற கேள்வியில் நிர்வாகத்தில் கோப்பு நிற்கிறது.

தாய்க் கணக்குக்கு யார் கார்டு என்பது அடுத்தது. இப்போதைக்கு ஆசிரியையின் சொந்த கார்டு. இது தப்பு என்று குழுவில் சொல்லிவிட்டேன். கல்லூரிக் கணக்கு அலுவலகம் வாங்கும் எதற்கும் மூன்று கொட்டேஷன் கேட்கிறது, தொகையை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்கிறது. மாதக் கடைசியில்தான் எவ்வளவு என்று தெரியும் என்ற பதிலை அவர்கள் ஏற்பதாக இல்லை. ஒரு பருவத்துக்கு உச்சவரம்பு வைத்து, முன்பணமாக ஒதுக்கி, மாதாமாதம் பில்லைக் கொடுத்துக் கழித்துக்கொள்ளும் முறையை அலுவலகக் கண்காணிப்பாளர் யோசிக்கலாம் என்றிருக்கிறார். அதற்கு எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று மட்டும் கேட்டார். ஆய்வக நுகர்பொருள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், வேதியியல் துறை அமிலம் வாங்கும் அதே தலைப்பு. தணிக்கையாளர் கையெழுத்துக்குப் போயிருக்கிறது.